குறைந்த விலை கேட்டவரெல்லாம் நல்ல காண்டிராக்டரா?

சர்க்கார் கட்டடம் என்றதும் பொதுஜனங்களின் மனக்கண் முன் தோன்றும் காட்சி அநேகமாக ஒன்றுதான். காரை பெயர்ந்த சுவர். வெற்றிலைக் கறை படிந்த மாடிப்படி. "பழுது" என்று அட்டை தொங்கும் லிப்ட். குழாய் இருந்தும் தண்ணீர் வராத கழிப்பறை. "கவர்மெண்டு என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்த காரியத்தை முடித்துத் திரும்புவதே நம்மவர் வழக்கம்.

ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும்? கட்டடம் கட்டுவதற்குக் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்குகிறார்கள். அடிக்கல் நாட்டு விழா உண்டு, திறப்பு விழா உண்டு, பளிங்கில் பெயர் பொறிப்பதும் உண்டு. திறந்த மறுநாள் காலையில் அந்தக் கட்டடத்தைக் கூட்டப் போவது யார், அதன் ஒயரைச் சோதிக்கப் போவது யார், அதன் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யப் போவது யார் என்ற கேள்விக்கு மட்டும் எந்த விழாவும் இல்லை. அந்தக் கேள்விக்கான விடை ஒரு டெண்டர் காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை ஊன்றிப் படிப்பவர்கள் மிகச் சிலரே.

முன் காலத்தில் விஷயம் வேறு. சென்னை மாகாணத்தில் பொதுப்பணித் துறை 1858-இல் ஏற்பட்டது. சர்க்கார் கட்டடங்களின் காவல்காரர், தோட்டக்காரர், தோட்டி, எலக்ட்ரீஷியன் ஆகியோர் பெரும்பாலும் சர்க்கார் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். வேலை சரியில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரிந்தது. நாளடைவில் ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் போயின. ஒவ்வொரு வேலையாகக் காண்டிராக்டரின் கைக்குப் போயிற்று. இன்று பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலோ கலெக்டர் ஆபீஸிலோ கூட்டிப் பெருக்குவது, காவல் காப்பது, லிப்டை ஓட்டுவது, ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வது ஆகிய எல்லாமே ஒப்பந்த வேலை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. இதைத் தவறு என்று சொல்லிப் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்வது நடவாத காரியம். ஆனால் எந்தக் காண்டிராக்டரிடம் ஒப்படைப்பது என்பதிலாவது கொஞ்சம் புத்தி செலவழிக்கலாம் அல்லவா?

இது அழுக்குப் பற்றிய பிரச்னை மட்டும் அன்று, உயிர் பற்றியது. சென்னை சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபின் அரண்மனையாக 1768-இல் எழுந்தது கலச மகால். பிற்காலத்தில் சர்க்கார் இலாகாக்களின் ஆபீஸாக இருந்த அந்த மாளிகையில் 2012 ஜனவரி 16-ஆம் தேதி தீப்பிடித்தது. தீயை அணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். பெண் அதிகாரி ஒருவர் பலத்த தீக்காயம் அடைந்தார். பின்னர் அந்த மாளிகை பழைய சுண்ணாம்புச் சாந்து முறையிலேயே புதுப்பிக்கப்பட்டு, இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. கட்டடத்தை மீட்டுவிட்டார்கள். போன உயிரை எந்த மேஸ்திரி மீட்பான்?

மகாராஷ்டிரத்தில் பண்டாரா என்ற ஊர். அங்குள்ள மாவட்ட சர்க்கார் ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளுக்கான தனி வார்டில், 2021 ஜனவரி 9-ஆம் தேதி அதிகாலையில் தீ விபத்து நேர்ந்தது. பத்துச் சிசுக்கள் மாண்டன. ஏழு சிசுக்களைத்தான் காப்பாற்ற முடிந்தது. தீத்தடுப்பு ஏற்பாடுகள் சரியாக இருந்தனவா என்ற விசாரணை அதற்குப் பிறகு நடந்தது. எப்போதும் பிறகுதான் நடக்கிறது.

ஒரு பைசா லாபம்

இனி டெண்டருக்கு வருவோம். சர்க்கார் விதி சாமானியனுக்கும் புரியக்கூடியதுதான்: பலர் விலை கேட்க வேண்டும், தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. சிமெண்ட் வாங்கவும் நாற்காலி வாங்கவும் இந்த விதி மிகப் பொருத்தம். ஆனால் ஆளை வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தத்தில் இதே விதி என்ன விளைவைத் தருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

துப்புரவுத் தொழிலாளி ஒருவருக்குச் சட்டப்படியான கூலி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளியின் பங்கு, இன்ஷூரன்ஸும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து, 13 ரூபாய். தொழிலாளர் ஈட்டுறுதிக்கு, அதாவது இ.எஸ்.ஐ.க்கு, 3 ரூபாய் 25 காசு. குறைந்தபட்ச போனஸ் 8 ரூபாய் 33 காசு. ஆகக் கூடி 124 ரூபாய் 58 காசு. லீவுச் சம்பளம், சீருடை, கையுறை, பினாயில், துடைப்பம், மேஸ்திரியின் சம்பளம் எல்லாம் இதற்கு மேல். இவற்றில் எதையும் குறைக்கக் காண்டிராக்டருக்கு அதிகாரம் இல்லை. கூலியும் சந்தாவும் சட்டம் வைத்த தொகை. அப்படியானால் போட்டி எதில்? தம்முடைய சேவைக் கட்டணம் இவ்வளவு என்று அவர் போடும் அந்த ஒரு தொகையில்தான்.

இங்கேதான் வேடிக்கை ஆரம்பமாகிறது. தமக்குச் சேவைக் கட்டணமே வேண்டாம், பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்த புண்ணியவான்கள் உண்டு. பூஜ்யம் என்று கேட்டால் அந்த டெண்டரையே ஏற்கக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகம் 2014 ஜனவரியில் உத்தரவு போட்டது. உடனே பூஜ்யம் போய், ஒரு பைசா வந்தது! சட்டத்தின் எழுத்துக்கு மரியாதை செய்தாயிற்று. இதைத் தடுக்க, மத்திய சர்க்காரின் இணையச் சந்தையில் ஆள் வழங்கும் ஒப்பந்தங்களுக்குச் சேவைக் கட்டணம் 3.85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று 2023 ஜனவரியில் வரம்பு கட்டினார்கள். என்ன நடந்தது? டெண்டர் போட்டவர்களில் பெரும்பாலோர் அதே 3.85-ஐக் கேட்டார்கள். எல்லாருடைய விலையும் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஒருவரை எடுத்துக் கொடுக்கும். குழந்தைகள் பூவா தலையா போட்டு விளையாடுவதைப் போல, ஓர் ஆஸ்பத்திரியின் பாதுகாப்பை ஒப்படைக்க வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்து நிற்கிறது விதி.

ஒரு பைசாவுக்கு வேலை செய்ய முன்வருகிறவர் தர்மப் பிரபு அல்லர். லாபம் இல்லாமல் எந்த வியாபாரியும் கடை திறப்பதில்லை. அந்த லாபம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். மஸ்டர் ரோலில் இருபது பெயர் இருக்கும், கூட்டுவதற்கு வருவது பதினான்கு பேராக இருக்கும். பாங்கிக் கணக்கில் முழுக் கூலியும் ஏறும்; மறுநாள் அதில் ஒரு பகுதி மேஸ்திரியின் கைக்குத் திரும்பி வந்துவிடும். வைப்பு நிதிக்கென்று தொழிலாளியின் கூலியில் பிடித்துக்கொள்வார்கள், கட்ட மாட்டார்கள். இப்படிப் பிடித்துக்கொண்டு கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடி என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டமும் சொல்லிற்று; 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையும் சொல்கிறது. ஆனால் பிடித்த தொகை கட்டப்படவில்லை என்பது அந்த அம்மாளுக்குத் தெரிய வருவது எப்போது? மகளின் கல்யாணத்துக்காக வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க மனுப் போடும்போதுதான்.

ஆகவே ஒன்றைத் துணிந்து சொல்லலாம். சட்டப்படி ஆகக்கூடிய செலவுக்கும் கீழே ஒருவர் விலை கேட்டால், அது மலிவு அன்று. சட்டத்தை மீறப் போகிறேன் என்று அவரே கையெழுத்திட்டுக் கொடுக்கும் வாக்குமூலம் அது. அந்த வாக்குமூலத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலை உத்தரவு கொடுக்கும் அதிகாரி, பின்னால் தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியுமா?

சட்டமும் அப்படிச் சொல்ல விடுவதில்லை. காண்டிராக்டர் கூலி கொடுக்கத் தவறினால், வேலையைக் கொடுத்தவரே கொடுக்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வைத்த விதி. முதன்மை வேலையளிப்பவர் என்று அதற்குப் பெயர். சர்க்கார் ஆபீஸும் அதில் அடக்கம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. இந்தப் பொறுப்பு அதிலும் தொடர்கிறது. ஆனால் புதிய சட்டத்தில் ஒரு மாறுதலைக் கவனிக்க வேண்டும். முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே காண்டிராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வரம்பு 50. நாற்பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு தாலுகா ஆபீஸையும் இரண்டு பள்ளிக்கூடங்களையும் பார்த்துக்கொள்பவருக்கு லைசென்ஸ் என்ற கடிவாளம் இல்லை. சட்டம் கேட்காததை டெண்டர் கேட்கக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. இனிமேல் டெண்டர் காகிதம்தான் கேட்டாக வேண்டும்.

தொட்டிக்குள் இறங்குவது யார்?

சட்ட மீறல்களிலெல்லாம் கொடியது ஒன்று உண்டு. ஆபீஸின் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. உறிஞ்சும் லாரி வைத்திருக்கும் காண்டிராக்டர் ஒரு விலை கேட்டிருந்தார். லாரி இல்லாதவர் அதைவிடக் குறைவாகக் கேட்டு வேலையைப் பெற்றுவிட்டார். இப்போது அவர் என்ன செய்வார்? தினக்கூலிக்கு இரண்டு பேரைக் கூட்டி வருவார். தொட்டியின் மூடியைத் திறப்பார்கள். முதலில் ஒருவர் இறங்குவார். விஷவாயு தாக்கி அவர் சாய்ந்ததும், அவரைத் தூக்குவதற்காக மற்றவரும் இறங்குவார். மறுநாள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வரும்.

மனிதனைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014-இல் விதித்த சுப்ரீம் கோர்ட்டு, 2023 அக்டோபர் 20-ஆம் தேதி அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அதே தீர்ப்பில் இன்னொரு முக்கிய உத்தரவும் இருக்கிறது. இத்தகைய வேலைகளுக்கு மத்திய சர்க்கார் ஒரு மாதிரி ஒப்பந்தம் வகுக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் காண்டிராக்டர் ஒப்பந்தத்தை இழக்க வேண்டும். அவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும் வழி இருக்க வேண்டும் என்றது கோர்ட்டு. நியாயமான உத்தரவு. ஆனால் விபத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தைப் பறிப்பதைவிட, லாரி இல்லாதவருக்கு ஒப்பந்தமே கொடுக்காமல் இருப்பது எவ்வளவு மேல்! "லாரியின் பதிவு எண் என்ன?" என்று டெண்டரில் ஒரு வரி சேர்ப்பதற்கு எத்தனை ரூபாய் செலவாகிவிடும்?

அதிகாரியின் பயம்

அதிகாரிகளை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. அவர்களுடைய சங்கடத்தையும் பார்க்க வேண்டும். குறைந்த விலைக்காரரை விட்டுவிட்டு, நாணயஸ்தர் என்று தோன்றிய இரண்டாமவருக்கு வேலை கொடுத்த எஞ்சினீயர், ரிட்டையர் ஆகும் வரைக்கும் ஆடிட் ஆட்சேபணைக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். "சர்க்காருக்கு நஷ்டம் ஏற்படுத்தியது ஏன்?" என்று கேட்பார்கள். விஜிலன்ஸ் விசாரணையும் வரலாம். மோசமான காண்டிராக்டரை விதிப்படி தேர்ந்தெடுத்தவருக்கு ஓர் ஆபத்தும் இல்லை. நல்லவரை விதிக்கு வெளியே தேர்ந்தெடுத்தவருக்குத்தான் தண்டனை. இந்த நிலையில் எந்தக் குடும்பஸ்தன் துணிவான்? மேலும், "நாணயம்" என்ற பெயரில் வேண்டியவருக்கு வேலை கொடுக்கும் சாமர்த்தியசாலிகளும் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்துதான் குறைந்த விலை என்ற விதியே ஏற்பட்டது.

ஆனால் விதிக்கு உள்ளேயே வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வெறும் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லவில்லை. டெண்டர் காகிதத்தில் முன்கூட்டியே எழுதப்பட்ட, அளந்து பார்க்கக்கூடிய அம்சங்களை வைத்தே குறைந்த டெண்டர் எது என்று தீர்மானிக்கச் சொல்கிறது. எழுதுவதை ஒழுங்காக எழுதினால் ஆடிட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மத்திய சர்க்காரும் 2021 அக்டோபரில் ஒரு கதவைத் திறந்துவிட்டது. தரம் முக்கியமான வேலை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுத்து, விலையோடு சேர்த்துப் பார்க்கலாம். கதவு திறந்திருக்கிறது, நுழைகிறவர்கள் வேண்டும்.

பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இங்கிலாந்தின் கதையைக் கேட்க வேண்டும். அங்கே காரில்லியன் என்ற மாபெரும் கம்பெனி, சர்க்காரோடு சுமார் 420 ஒப்பந்தங்கள் வைத்திருந்தது. ஆஸ்பத்திரிகளைச் சுத்தம் செய்தது, பள்ளிக்கூடங்களில் சாப்பாடு போட்டது, சிறைச்சாலைகளைப் பராமரித்தது. 2018 ஜனவரி 15-ஆம் தேதி அது திவாலாயிற்று. கடனும் பொறுப்புகளும் ஏறக்குறைய 700 கோடி பவுன். கையில் இருந்த ரொக்கம் 2 கோடியே 90 லட்சம் பவுன். அகலக்கால் வைத்து, கட்டுப்படியாகாத ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டே போன கம்பெனி அது என்று பார்லிமெண்டுக் கமிட்டிகள் சாடின. சிறைச்சாலைப் பராமரிப்பைக் கவனிக்கச் சர்க்காரே ஒரு கம்பெனியை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. கம்பெனியின் பெரிய பெயரும் பளபளப்பான விளம்பரமும் அதன் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதற்கு ஈடாகிவிடா என்பதை அங்குள்ளவர்கள் பெருஞ் செலவில் கற்றார்கள்.

பார்ப்பது எப்படி?

பார்ப்பது ஒன்றும் பிரம்மவித்தை அன்று. வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டால், அது எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்குப் பணம் கட்டியது என்பது வந்துவிடுகிறது. யாரும் பார்க்கலாம். அறுபது பேர் வேலை செய்ததாகப் பில் கொடுத்த காண்டிராக்டர், அந்த மாதத்தில் மொத்தமே முப்பத்தொரு பேருக்குத்தான் பணம் கட்டியிருந்தால், மற்ற இருபத்தொன்பது பேர் எங்கே என்று கேட்க ஒரு குமாஸ்தா போதும். ஐந்து நிமிஷ வேலை இது. டெண்டர் திறக்கும் அன்றைக்கே கடந்த மூன்று ஆண்டுக் கணக்கை இப்படிப் பார்த்துவிட்டால், போட்டியாளர்களில் சிலர் தாமாகவே கழன்றுகொள்வார்கள்.

லைசென்ஸ் நகலை வாங்கிப் பைலில் வைத்துக்கொள்வதோடு கடமை தீர்ந்ததாக நினைப்பதும் ஒரு வியாதி. லைசென்ஸுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மின்சார வேலை செய்பவரிடம் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒயரை உண்மையில் தொடுகிற பையனிடம் தகுதிச் சான்று இருக்கிறதா, லிப்டைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன, தீயணைப்புக் குப்பியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எந்த வருஷம் போட்டிருக்கிறது என்பனவற்றையெல்லாம் டெண்டர் சமயத்தில் ஒரு தடவையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் பார்க்க வேண்டும். கட்டடத்துக்குப் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். பைலில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

குறைந்தபட்சச் செலவுக் கணக்கையும் சர்க்காரே போட்டு டெண்டர் காகிதத்தோடு இணைத்துவிட வேண்டும். இந்தக் கட்டடத்துக்கு இத்தனை ஆள், இத்தனை கூலி, இத்தனை சந்தா, ஆகக் கூடி இவ்வளவு. இதற்குக் கீழே கேட்பவரின் உறை தள்ளப்படும் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டால், ஒரு பைசா வித்தைக்கு இடமில்லை. போட்டி அதற்கு மேல் நடக்கட்டும்: யாரிடம் நல்ல இயந்திரம் இருக்கிறது, யாரிடம் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார்கள், எந்த ஆஸ்பத்திரியில் யார் எப்படி வேலை செய்தார்கள் என்பவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம்.

காண்டிராக்டர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. மாதா மாதம் கூலி கொடு, பதினைந்தாம் தேதிக்குள் சந்தா கட்டு என்று சட்டம் பேசும் சர்க்கார், அவர்களுடைய பில்லை மட்டும் மாதக்கணக்கில் மேஜை மேஜையாகத் தூங்க வைப்பது என்ன நீதி? பெரிய கம்பெனி தாங்கும். முப்பது பேரை வைத்து யோக்கியமாகத் தொழில் செய்யும் உள்ளூர்க்காரர் மூன்றாவது மாதம் வட்டிக் கடைக்குப் போவார். ஆறாவது மாதம் சந்தா கட்டுவதை நிறுத்துவார். அடுத்த டெண்டருக்கு வரவே மாட்டார். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் பாங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி சேரும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை மதிக்கும் காண்டிராக்டர்கள் வேண்டும் என்று தேடும் இலாகா, இந்த ஒரு சட்டத்தைத் தானும் மதித்தால், தேட வேண்டிய சிரமம் பாதியாகக் குறைந்துவிடும்.

மிச்சம் இருப்பது தொழிலாளிக்குத் தெரியப்படுத்தும் விஷயம். காண்டிராக்டரின் பெயர், ஒப்பந்தம் முடியும் தேதி, இருக்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை, ஒருவருக்குச் சேர வேண்டிய நாள் கூலி ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டடத்தின் வாசலில் ஒரு பலகையாக மாட்டலாம். திறப்பு விழாப் பளிங்குக் கல்லுக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து பிணைத் தொகையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அந்தப் பலகையில் எழுதிய கூலி தங்கள் கைக்கு முழுதாக வந்ததா என்று, மேஸ்திரி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, கூட்டுகிற பெண்களையே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.